என் திரையில் புதன்கிழமை இருந்தது

தம்பி,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீ மனசளவில் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யாரென்றும் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததுமே நீ "விடும்மா, பழைய கதை" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். காகிதம் என்னை அப்படித் தப்பிக்க விடாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுதுவதால் எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது. படித்து முடித்ததும் மருமகளிடம் கொடு. பேத்தி கேட்டால் அவளுக்கும் படித்துக் காட்டு. ஒளித்து வைப்பதற்காக இதை எழுதவில்லை. ஒளித்து வைத்தது போதும்.

குடும்பத்தோடு கனடா கிளம்பப்போகிற நீ போன வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போக சோரியாங்குப்பம் வந்தாயே, அன்று உன் சித்தி வீட்டுக்கும் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். சித்தி பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தாள். அவள் மகள் கலைச்செல்வி, அம்மாவைப் பார்க்க வந்தவள், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நீ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சித்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாய். "சித்தி, கலையோட படிப்பு என்னாலதான் போச்சு. அந்த செட்டிங்கை நான் ஒழுங்கா வெச்சிருந்தா இன்னிக்கி அது மாட்டு டாக்டரா இருந்திருக்கும். மனசுல வெச்சிக்காம அனுப்பி வை" என்றாய். சித்திக்கு வாய் குழறியது. கலை, "எந்தக் காலத்துக் கதைண்ணா, விடு" என்றாள். ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காதோரம் நரைத்த பிள்ளை, செய்யாத தப்புக்குக் காலைப் பிடிக்கிறான். செய்தவள் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கு வந்து உனக்கு மீன் குழம்பு ஊற்றினேன். "நல்லா இருக்குதும்மா" என்று சாப்பிட்டாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாகூர் கடைத்தெருவில் நீ பிரவுசிங் சென்டர் வைத்தபோது உன் அப்பா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குக் கடைக்கு வரட்டும் என்று என்னைக் கூட்டிப் போனாய். வெளியிலிருந்து வருவது ஒரே ஒரு போன் லைன். உள்ளே வரிசையாக நாலு கம்ப்யூட்டர். வாசலோரம் தனியாக இன்னொன்று, லைன் நேராக வருவது அதற்கு மட்டும். அதன் முன்னால்தான் எனக்கு நாற்காலி போட்டாய். "இதும்மா சர்வர்" என்றாய். "ஓட்டல்ல இட்லி வெக்கறவனா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அதேதாம்மா. கேக்கறவனுக்குக் கொண்டாந்து குடுத்தா அது சர்வர். உக்காந்துக்கினு கேக்கற அந்த நாலும் கிளையண்ட்" என்றாய். அதுவரைக்கும் என்னை உட்கார வைத்து யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. உன் அப்பாகூட மோட்டார் போடுவதைத் தூரத்தில் நின்று பார் என்றுதான் சொல்வார்.

ப்ராக்ஸி என்ற சொல்தான் எனக்கு வாயில் நுழையவில்லை. அந்த நேரம் பார்த்து மணப்பட்டு அஞ்சலை மீன் கூடையைக் கடை வாசலில் இறக்கினாள். நீ அவளைக் காட்டிச் சொன்னாய்: "கரையில ஏலம் உடறாங்க. நாலு பொம்பளைங்களுக்கு மீன் வேணும். நாலு பேரும் போயி முண்டாம ஒருத்தியை மட்டும் அனுப்பறாங்க. ஏலம் உடறவனுக்கு அந்த ஒருத்தி பேருதான் தெரியும். எந்தக் கூடை யாருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பொம்பளதாம்மா ப்ராக்ஸி. நம்ம கடையில இந்த சர்வர்தான் அந்தப் பொம்பள." அஞ்சலை, "இன்னாடா, என்னைப் பத்தி இங்கிலீஷ்ல திட்டிக்கினு கீற?" என்றாள். நீ அவளிடம் கால் கிலோ நெத்திலி வாங்கிச் சமாதானம் பண்ணினாய்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நாலு கம்ப்யூட்டருக்கும் உள்ளுக்குள் ஆளுக்கொரு எண் உண்டு, அது ஐ.பி. அட்ரஸ். வெளி உலகத்துக்கு மட்டும் நம் கடை முழுக்க ஒரே எண். நாலிலும் ப்ராக்ஸியின் எண்ணையும், அதற்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று சொல்லும் போர்ட் எண்ணையும் நீ எழுதி வைத்தாய். எழுதாவிட்டால் அவை யாரிடம் போய்க் கேட்பதென்று தெரியாமல் முழிக்கும். கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது கேச். நம் லைன் நத்தை மாதிரி. அதனால் ஒருத்தர் பார்த்த பக்கத்தைச் சர்வர் ஒரு காப்பி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் அந்தக் காப்பியை எடுத்து நீட்டும். "நேத்து வாங்கி ஐஸ்ல போட்ட மீனு மாதிரிம்மா. சட்டுனு கெடைக்கும். ஆனா நேத்து மீனு" என்றாய். யாராவது பழசு காட்டுகிறது என்று சொன்னால் நான் அதே பக்கத்தை என் கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும். என்னுடையது காப்பியைத் தொடாமல் நேராக வெளியே போய்க் கேட்கும். இரண்டும் வேறாக இருந்தால் திரையின் மூலையில் இருக்கும் பட்டனை அமுக்கிக் காப்பியைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு திறந்தால் அவர்களுக்கும் புதுசு வரும். இதை நான் ஒரு நாளும் தப்பாகச் செய்ததில்லை. நீ ஊரில் இல்லாத நாட்களில்கூடக் கடை ஓடியது, ஞாபகமிருக்கிறதா?

இனி உன் சித்தியைப் பற்றி. கடை திறப்பதற்குப் பல வருஷம் முன்னால் உன் அக்காவைப் பெண் பார்க்க வில்லியனூரிலிருந்து வந்தார்களே, அந்தப் பையன் அரசாங்க உத்தியோகம், குனிந்த தலை நிமிராதவன். அவன் அம்மா அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். காபி கொடுக்கிற சாக்கில் உன் சித்தி அவள் பக்கத்தில் குனிந்து, "பொண்ணு தங்கம்தாங்க, எப்பனா இழுப்பு வரும், அவ்ளோதான்" என்றாள். உன் அக்காவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு ஒரே ஒரு தரம் வலிப்பு வந்தது. அதற்கப்புறம் அவள் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. வந்தவர்கள் தட்டிலிருந்த கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பிறகு உன் அக்காவுக்கு வாய்த்தவன் எப்படிப்பட்டவன், அவள் எத்தனை முறை பையோடு வந்து நின்றாள் என்பதெல்லாம் உனக்கே தெரியும். நான் ஓர்ப்படியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்குமோ என்னவோ. பந்தியில் அவளுக்குப் பரிமாறினேன், அவள் வீட்டுச் சாவுக்குப் போனேன், உள்ளே மட்டும் அந்த அரக்குப் புடவையை மடித்து வைத்துக்கொண்டே இருந்தேன்.

கடை திறந்த புதிதில் அவள் ஒரு நாள் வந்தாள். என்னை நாற்காலியில் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அக்கா, டிவின்னு நெனச்சிக்கினு சீரியல் போட்டுறப் போற! கைநாட்டுப் பேர்வழிய எல்லாம் கம்ப்யூட்டர்ல குந்த வெச்சிட்டான் பாரு உம் புள்ள" என்றாள். அங்கே இருந்த பையன்களும் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போடுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பத்தாவது வரை படித்தவள் என்பதை நானும் மறந்ததில்லை.

கலைச்செல்வி நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. புதுச்சேரியில் நடக்கும் கவுன்சிலிங்குக்கு அவள் ரேங்குக்கு எந்த நாள் என்பதை இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். நம் கடையில்தான் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள், வெள்ளிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை நீ வயர் வாங்கப் பாண்டி போயிருந்தபோது மறுபடி வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் சொட்டியது, பச்சைச் சுடிதார். ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். "பெரிம்மா, தேதிய மாத்திட்டாங்கன்னு பஸ்ஸுல ஒரு பொண்ணு சொல்லுச்சி. இதுல வெள்ளிக்கிழமைன்னுதான் கீது. சரியாத்தான் காட்டுதா?" என்றாள்.

நீ சொல்லிக் கொடுத்தபடி என் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்கள் எனக்குத் தெரியும். அவளுடைய வரிசையில் தேதி மாறியிருந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சுவரில் இருந்த காலண்டரில் விரலை வைத்துப் பார்த்தேன். புதன்கிழமை. ஒரே அறையில், ஒரே லைனில், அவள் திரையில் வெள்ளி, என் திரையில் புதன். பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. இல்லை, வாயைத் திறந்து சொன்னாலே தீர்ந்தது.

"சரியாத்தான் கீது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றேன்.

"தேங்க்ஸ் பெரிம்மா" என்று போனாள்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. வாயில் அப்படி வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று. ஆனால் நடுவில் செவ்வாய்க்கிழமை முழுசாக இருந்ததே. புதன்கிழமை காலையில் நான் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவள் எதிர்ப்பக்கம் பால் ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது கூப்பிட்டிருந்தாலும் பஸ் பிடித்துப் போயிருக்கலாம். நான் விளக்குமாற்றைத் தட்டி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் பெண்ணும் சர்ட்டிபிகேட் பையோடு போய்விட்டு நேராக நம் கடைக்கு வந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்குகாரர்கள் சீட்டு வாங்கிப் போய்விட்டார்கள், இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சித்தி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "டேய், உங்க பொட்டி எம் பொண்ணு வாயில மண்ணப் போட்டுடுச்சேடா!" நீ ஜன்னலோரக் கம்ப்யூட்டரைத் திறந்தாய், வெள்ளி. சர்வரில் திறந்தாய், புதன். "காப்பிய மணிக்கணக்குல வெச்சிக்கச் சொல்லியிருக்கணும். நாள்கணக்குல வெச்சிட்டேன்" என்று முனகினாய். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா, பழசு காட்டுதுன்னு யாருனா சொன்னாங்களா?" என்று கேட்டாய். கலை அழுகையோடு, "நான் பெரிம்மாகிட்ட கேட்டேண்ணா" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என்னைக் காப்பாற்றியது யார் தெரியுமா? உன் சித்திதான். "அந்தக் கைநாட்டுகிட்டப் போயி கேட்டியாடி? அதுக்கு இன்னா தெரியும்?" என்று பெண்ணை அறைந்தாள். நீயும், "அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது சித்தி. தப்பு என்னுதுதான்" என்றாய். எந்தச் சொல்லுக்காக அவளைக் காலமெல்லாம் வெறுத்தேனோ அதே சொல்லை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு இன்னாப்பா தெரியும்" என்றேன். நீ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஒரு வார்த்தையில் இல்லையென்று ஆக்கினேன்.

நீ கடையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போனதற்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பொங்கலுக்கு வந்தாலும் சித்தி வீடு இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாய். கலை கல்யாணத்தில் பந்தல் ஓரத்திலேயே நின்றுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினாய். ஒரு தடவை மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, உங்க பிள்ளை கேஸ் சிலிண்டரை மூடிட்டேன்னு நான் சொன்னாலும் நம்பமாட்டார். எழுந்துபோய்ப் பார்த்துட்டுத்தான் படுப்பார்." அவள் அதை வேடிக்கையாகச் சொன்னாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டையும் இலையையும் சேர்த்தே சட்டியில் போட்டேன். உன்னுடைய அந்தப் பயத்தை வளர்த்தவள் நான்.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதியோடு இதை எழுதவில்லை. ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே போய் நீ பெரிய பதவியில் உட்காருவாய். உன்னைக் கேட்டுத்தான் பத்துப் பேர் நடப்பார்கள். அதில் உனக்குப் பிடிக்காதவனும் ஒருத்தன் இருப்பான். அவன் வந்து "இது சரியா?" என்று கேட்கும்போது உன் திரையில் இருப்பதை அப்படியே சொல்லிவிடு. அவனைத் திட்ட வேண்டுமானால் தனியாக, அவன் முகத்துக்கு நேராகத் திட்டு. கோபத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவளாக நான் இருந்தேன். அதில் அடிபட்டது சித்தி இல்லை, மாட்டுக் கொட்டகையிலேயே வளர்ந்த ஒரு பெண், அப்புறம் நீ. சித்தியை நான் இப்போது மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவள் படுத்துக் கிடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, உன் அக்காவை நினைத்தால் அந்தப் பாவம் போய்விடுகிறது. அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். உனக்கு அதில் பங்கில்லை.

நேற்று கலை வீட்டுக்குப் போனேன். அவள் மருந்துக் கடையில் கல்லாவில் நிற்பதுதான் உனக்குத் தெரியுமே, நேற்று விடுமுறை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. "வா பெரிம்மா, குந்து" என்றாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் காதில் விழாமல் போனாலும் சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும் என்று ஒரு கள்ளப் புத்தி, இந்த வயதிலும். அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அவள் மாவுக் கையை உதறாமல் அப்படியே நின்றாள்.

"உன் பொட்டியில புதன்கிழமைன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"படிச்சியா? புரிஞ்சிதா உனக்கு?"

"காலண்டர்ல வெச்சிப் பாத்தேன்."

"ஏன் பெரிம்மா?"

உன் அக்கா கதையைச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். "அதுக்கு நான் இன்னா பண்ணேன்? அப்ப நான் பாவாடை கட்டிக்கினு உன் வூட்லதான் பூந்து பூந்து வெளயாடிக்கினு இருந்தேன்" என்றாள். அழுதேன். "அழுவாத" என்றாள், கடுப்பாக. "நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். என்னால ஆவாது."

பிறகு அவளே கேட்டாள். "போன வாரம் அண்ணன் எங்கம்மா காலைப் புடிச்சிச்சே, நீ அங்கதானே நின்னுக்கினு இருந்த?"

"ஆமா."

"எம் படிப்புகூடப் போவட்டும் பெரிம்மா. அதைப் பாத்துக்கினு எப்டி நின்ன? பெத்தவதான நீ?" என்றாள். தம்பி, மாவு சிந்திய தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கவில்லை. கிரைண்டரில் இருந்த மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து, கல்லைக் கழுவி, எல்லாம் முடித்த பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இனிமேல் தன் வீட்டுக்கு வர வேண்டாம் என்றாள். எங்காவது பார்த்தால் பேசுவாளாம், பிள்ளைகள் முன்னால் முகத்தைத் திருப்பமாட்டாளாம், ஆனால் வீட்டுக்கு வேண்டாம். சரி என்றேன். அது அவள் சொல்ல வேண்டியதுதான்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "அண்ணனுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே எழுதறேன்."

"பிளைட் ஏர்றதுக்குள்ள உன் லெட்டரு போய்ச் சேரணும். சேந்தவொடனே எனக்கு போன் பண்ணச் சொல்லு. என் பெரிய பொண்ணு பிளஸ் டூ போவுது, இன்னா சேக்கலாம், எங்க போடலாம்னு கேக்கணும். இத்தினி வருசமா அதுகிட்ட ஒண்ணும் கேக்க முடியல. எதைக் கேட்டாலும், ‘என்னை நம்பாத கலை'ன்னு தலையக் குனிஞ்சிக்குது."

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல், பழசாக்காமல், உன்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். நாளைக் காலையில் உன் அக்கா மகன் சென்னைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என்னிடம் நீ பேச வேண்டாம், இப்போது வேண்டாம், உனக்குத் தோன்றும்போது பேசு. தோன்றாவிட்டால் ஏன் என்று நான் கேட்கமாட்டேன். கலை காத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிடு.

உன் அம்மா